தினம் ஓட்டுகிற பிக்கப்புக்கு எந்த எக்ஸாஸ்ட்? முதலில் உங்கள் ஆர்பிஎம்மைச் சொல்லுங்கள்

12 அக்டோபர் 2024, வந்த கேள்வி

"அண்ணே, நான் ஒஹாயோவில் அக்ரன் பக்கம் இருக்கிறேன். வி8 பிக்கப், 118,000 மைல் ஓடியது. எக்ஸாஸ்ட் குழாயில் சத்தத்தை அடக்குகிற மஃப்ளரின் ஜாயின்ட் துருப்பிடித்து வாய் பிளந்துவிட்டது. நேற்றிலிருந்து டிராக்டர் மாதிரிச் சத்தம். எப்படியும் மாற்றத்தான் வேண்டும், மாற்றுகிறதுதான் மாற்றுகிறோம், கொஞ்சம் கம்பீரமான சத்தமாக வைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். 500 டாலர் வரை தாங்கும். வேலைக்குப் போக வர தினம் 60 மைல். பத்துப் பதினைந்து வீடியோ கேட்டாயிற்று. எதைப் போடலாம்?"

12 அக்டோபர், இரவு

வீடியோவை மூடிவையுங்கள் தம்பி. நான் கேட்ட வீடியோ எல்லாவற்றிலும் வண்டி நின்ற இடத்தில் நிற்கும். ஒருவர் ஆக்சிலரேட்டரை மிதிப்பார், 4,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை என்ஜின் சுற்று) வரை உறுமும், முடிந்தது. ஒரு நாளில் 4,000-இல் நீங்கள் எத்தனை நொடி இருப்பீர்கள்? நெடுஞ்சாலைக்கு ராம்ப் ஏறும்போது ஐந்தாறு நொடி. மிச்ச நேரமெல்லாம் முள் 1,500-க்கும் 1,900-க்கும் நடுவில்தான் நிற்கும். உங்கள் காது வாழப்போவது அந்த இடத்தில். போன் மைக்கில் அந்தத் தாழ்ந்த சத்தம் சரியாக விழாது.

என் வண்டி 2013 எஃப்-150, 5.0 லிட்டர். மெடினாவிலிருந்து கிளீவ்லாந்து ஹாப்கின்ஸ் விமான நிலையம் வரை ஐ-71 நெடுஞ்சாலையில் தினம் போக வர. மணிக்கு 65 மைலில் ஆறாவது கியரில் முள் 1,700-க்குக் கொஞ்சம் கீழே அசையாமல் நிற்கும். 2022 வசந்தத்தில், நீங்கள் இப்போது நினைப்பதைத்தான் நானும் செய்தேன். கம்பெனி மஃப்ளர் பத்துக் குளிர்காலம் தாங்கிவிட்டு ஓட்டையானது. வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறையில் பழையதை அறுத்து எறிந்துவிட்டு, உள்ளே தகடு தகடாக அறை பிரித்த மஃப்ளர் ஒன்றை வெல்டு வைத்துக் கொடுத்தார்கள். கூலியோடு 180 டாலர். பட்டறை வாசலில் ஸ்டார்ட் செய்தபோது உடம்பு சிலிர்த்தது. பொய் சொல்லமாட்டேன், அந்தச் சத்தம் எனக்கு இன்றும் பிடிக்கும்.

ஐ-71-இல் ஏறி 65-ஐத் தொட்டதும் கேபினுக்குள் "ஊம்ம்" என்று ஒன்று வந்து உட்கார்ந்தது. சத்தம் என்றுகூட அதைச் சொல்ல முடியாது, இரண்டு காதிலும் உள்ளங்கையை வைத்து அழுத்துகிற மாதிரி. கோப்பையில் இருந்த காபியின் மேல் வட்ட வட்டமாக நடுக்கம். 60-க்கு இறக்கினால் போய்விடும், 70-க்கு ஏற்றினால் குறையும், 65-இல் முழு பலத்தோடு நிற்கும். இங்கே ட்ரோன் என்பார்கள். நான் ஊங்காரம் என்றே சொல்லிக்கொள்கிறேன். மூன்றாம் நாள் மாலை வீட்டுக்கு வந்தபோது தலைவலி. பின்சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு இன்னும் மோசம்.

அதனால் நாளைக்கு ஒரு வேலை செய்யுங்கள். வழக்கமான சாலையில் வழக்கமான வேகத்தில் போய், முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். என்ன வண்டி என்பதையும் சொல்லுங்கள். அதற்கு முன் எதையும் ஆர்டர் போடாதீர்கள்.

13 அக்டோபர், காலை

நேற்று ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். கடையில் கேட்-பேக் என்று ஒரு செட் விற்பார்கள். புகையின் நச்சைக் குறைக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கிற மொத்தமும் அது: நடு பைப், மஃப்ளர், வால் பைப். கன்வெர்ட்டருக்குப் பின்னால் என்ன மாற்றினாலும் உமிழ்வுச் சட்டத்துக்குச் சிக்கல் இல்லை. கன்வெர்ட்டரையே கழற்றி நேர் பைப் வைத்துத் தருகிறேன் என்று எந்தப் பட்டறையாவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அது மத்திய அரசின் தூய காற்றுச் சட்டத்துக்கு விரோதம். உங்கள் சம்மிட் கவுன்டியும் என் மெடினா கவுன்டியும் இ-செக் (ஒஹாயோவின் வாகனப் புகைச் சோதனை) நடக்கிற ஏழு கவுன்டிகளில் சேர்ந்தவை, அங்கேயும் மாட்டும்.

மஃப்ளரே இல்லாமல் ஓட்டுவதும் ஒஹாயோவில் சட்டப்படி தப்பு. கொலம்பஸ் பக்கம் இருக்கிற நண்பர்கள் "எங்களுக்கு இ-செக் கிடையாது" என்று அடிக்கடி சொல்வார்கள். இ-செக் இல்லை, சரி. மஃப்ளர் சட்டம் அவர்களுக்கும் உண்டு.

13 அக்டோபர், மதியம்

பைப் என்ன உலோகம் என்பதுதான் 500 டாலருக்குள் உண்மையான கேள்வி. மூன்று வகை.

அலுமினியம் பூசிய இரும்பு. விலை குறைவு. பூச்சு இருக்கிற வரை நன்றாக இருக்கும். வெல்டு வைத்த இடத்திலும், வளைத்த இடத்திலும், பைப்பைத் தொங்கவிடுகிற ஹேங்கர் கம்பி ஒட்டின இடத்திலும் பூச்சு போய்விடும். பனிக்காகச் சாலையில் போடுகிற உப்பு அங்கேதான் முதலில் வாய் வைக்கும். டெக்ஸஸில் இருந்தால் யோசிக்காமல் இதையே வாங்கச் சொல்வேன். நாம் இருப்பது ஈரி ஏரிக்குப் பக்கத்தில்.

409 ஸ்டெயின்லெஸ். சுமார் 11 சதவீதம் குரோமியம். வண்டிக் கம்பெனிகளே பெரும்பாலும் போடுவது இந்த வகைதான். இது துருப்பிடிக்காது.

304 ஸ்டெயின்லெஸ். நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தின் சொந்தக்காரன்: 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். பல வருடம் வரும். ஆனால் முழு செட் இந்த வகையில் 500-க்குள் கிடைக்காது. கிடைத்தால் சந்தேகப்படுங்கள். வந்ததும் ஃபிரிட்ஜ் காந்தம் ஒன்றை எடுத்து வைத்துப் பாருங்கள். 409-இல் பச்சென்று ஒட்டும். 304-இல் ஒட்டாது, வளைவிலும் வெல்டிலும் வேண்டுமானால் லேசாக இழுக்கும்.

14 அக்டோபர்

திருத்தம். 409 துருப்பிடிக்காது என்று நேற்று எழுதினது தப்பு. இன்று காலை டார்ச் அடித்து என் வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்தேன். இப்போது இருக்கிற 409 பைப் முழுக்கக் காபி நிறம். விரலால் தேய்த்தால் பொடி வருகிறது. ஆனால் ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பார்த்தால் கல் மாதிரி இருக்கிறது. மேல்தோல் மட்டும்தான் துருப்பிடிக்கும், துளைத்துக்கொண்டு உள்ளே போக வருடக்கணக்காகும். பளபளப்பு வேண்டும் என்றால் 409 ஏமாற்றும், ஆயுள் வேண்டும் என்றால் ஏமாற்றாது.

14 அக்டோபர், இரவு

பதில் வந்தது. செவ்ரலே சில்வராடோவா! 2015, 5.3 லிட்டர், 70 மைலில் 1,700. இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். நான் சொன்னதில் பாதியை மாற்றிச் சொல்கிறேன்.

உங்கள் என்ஜின் நெடுஞ்சாலையில் பாரம் குறைந்ததும் நான்கு சிலிண்டரை மூடிவிட்டு மிச்ச நான்கில் ஓடும். டாஷ்போர்டில் எரிபொருள் பக்கத்தைத் திறந்தால் வி8, வி4 என்று மாறி மாறிக் காட்டுமே, அதுதான். ஊங்காரத்துக்கு அதுதான் ஊற்று.

கணக்கு எளிது. நான்கு ஸ்ட்ரோக் வி8-இல் ஒரு சுற்றுக்கு நான்கு சிலிண்டர் வெடிக்கும். 1,700 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 28 சுற்று, நான்கால் பெருக்கினால் சுமார் 113 ஹெர்ட்ஸ். வி4-க்குப் போனதும் சுற்றுக்கு இரண்டுதான் வெடிக்கும், 57 ஹெர்ட்ஸ். சத்தம் தாழத் தாழ மஃப்ளரால் அடக்குவது கஷ்டம். பஞ்சு வைத்த மஃப்ளர் மேல்சத்தத்தை நன்றாகக் குடிக்கும், 57 ஹெர்ட்ஸை ஏறிட்டும் பார்க்காது. கேபினும் ஒரு பெட்டிதானே, கூடவே சேர்ந்து அதிரும்.

அதை முழுதாக அடக்க முடியாது. ஆனாலும் எனக்கு ஊங்காரத்தைத் தந்த அறை பிரித்த மஃப்ளர் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். நேர்துளை மஃப்ளர்: நடுவில் ஓட்டை போட்ட குழாய், சுற்றிலும் கண்ணாடி இழையோ ஸ்டீல் இழையோ அடைத்தது. மேக்னாஃப்ளோ, போர்லா எல்லாம் பெரும்பாலும் இந்த வழி. 14 அங்குல உடல் போதும்.

16 அக்டோபர்

விலை கேட்டிருந்தீர்கள். இந்த வாரம் நான் பார்த்ததில்: நல்ல நேர்துளை மஃப்ளர் மட்டும் 100-இலிருந்து 160 டாலர். வெல்டு கூலி 80-இலிருந்து 120. அலுமினியம் பூசிய கேட்-பேக் 300-லிருந்து 400. 409-இல் 450-லிருந்து 600. உங்கள் வால் பைப்பும் நடு பைப்பும் திடமாக இருந்தால் முழு செட்டுக்குப் போகவேண்டிய தேவையே இல்லை. ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பாருங்கள். "டிங்" என்றால் உயிர் இருக்கிறது. "டப்" என்றால் போய்விட்டது.

குதிரைசக்தி எவ்வளவு கூடும் என்றும் கேட்டீர்கள். பெட்டியில் அச்சடித்ததை வைத்து வாங்காதீர்கள். கேட்-பேக் மட்டும் மாற்றினால் தினசரி ஓட்டத்தில் உணரக்கூடிய வித்தியாசம் இல்லை. பெட்ரோல் கணக்கை இரண்டு வருடமாக எழுதிவருகிறேன், அதிலும் ஒன்றும் நகரவில்லை.

20 அக்டோபர்

என் ஊங்காரம் எப்படிப் போனது என்று கேட்டிருக்கிறீர்கள். இது கொஞ்சம் நீளம்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மகளைப் பாட்டு வகுப்புக்கு அழைத்துப் போவேன். ஆறு கட்டை சுருதியில் பாடுவாள். 2022 மே மாதம், வண்டி 65-இல் போய்க்கொண்டிருக்கிறது. பின்சீட்டில் இருந்து, "அப்பா, வண்டி என் சட்ஜத்தைப் போடுகிறது, ஒரு ஸ்தாயி கீழே" என்றாள். வண்டியின் சுருதியிலேயே வரிசை பாடியும் காட்டினாள். தம்பூரா ஆப் வேண்டாமாம், வண்டியே போதுமாம். அவளுக்கு ஒரே சந்தோஷம். அன்றைக்குத்தான் எனக்குப் பொறி தட்டியது. ஆறு கட்டை என்றால் 220 ஹெர்ட்ஸ், ஒரு ஸ்தாயி கீழே 110. ட்யூனர் ஆப்பைத் திறந்து வைத்தோம். 111 என்று காட்டியது. 1,667 ஆர்பிஎம்மை நான்கால் பெருக்கி அறுபதால் வகுத்துப் பாருங்கள், அதே 111. ஆறு மாதம் யார் யாரிடமோ கேட்டும் கிடைத்திருக்காத எண்ணை எட்டு வயதுப் பெண்ணின் காது கொடுத்துவிட்டது.

எண் தெரிந்தால் மருந்து உண்டு. எக்ஸாஸ்ட் பைப்பில் பக்கவாட்டில் ஒரு கிளை பைப் வெல்டு வைத்து, அதன் மறுமுனையை மூடிவிட வேண்டும். கிளையின் நீளம் அந்தச் சத்தத்தின் அலைநீளத்தில் கால் பங்கு. உள்ளே போகிற அலை மூடின முனையில் மோதித் திரும்பி வரும்போது நேர் எதிராக வந்து சேரும், இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். இங்கே ஜே-பைப் என்கிறார்கள். காற்று அதன் வழியாகப் போவதில்லை, அதனால் என்ஜினுக்கு மூச்சடைப்பும் இல்லை.

இங்கேதான் நான் ஒரு சனிக்கிழமையை இழந்தேன். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர் என்று பள்ளியில் படித்ததை வைத்து, 340-ஐ 444-ஆல் (111-இன் நான்கு மடங்கு) வகுத்தேன். 77 சென்டிமீட்டர், 30 அங்குலம். அதே அளவில் வெட்டி, மூடி, வெல்டு வைத்தாயிற்று. ஐ-71-இல் ஏறினால் ஊங்காரம் இம்மியும் குறையவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது: பைப்பில் இருப்பது சூடான புகை. சூட்டில் ஒலி வேகமாகப் போகும். ஓடி முடித்த உடனே அகச்சிவப்பு வெப்பமானியை வைத்துப் பார்த்தேன், பைப்பின் மேல்தோல் 160 டிகிரி செல்சியஸ். உள்ளே இன்னும் கூடுதல். அந்தச் சூட்டில் ஒலி 420, 430 மீட்டருக்குப் போய்விடும்.

இரண்டாம் முறை ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற இரண்டு பைப் வாங்கி, கிளாம்ப் வைத்து, நீளத்தை நகர்த்திப் பார்க்கிற மாதிரி செய்தேன். 40 அங்குலத்தில் தொடங்கினேன். பாதி குறைந்தது. ஒரு அங்குலம் உள்ளே தள்ளினேன். இன்னொரு அங்குலம். 38-இல் வைத்துவிட்டு 65-ஐத் தொட்டபோது டயர் சத்தம் கேட்டது. கண்ணாடிக்கு வெளியே காற்று கேட்டது. இரண்டு மாதத்தில் முதல் முறையாக இன்டிகேட்டர் "டிக் டிக்" காதில் விழுந்தது. மறுநாளே வெல்டு வைத்து மூடினேன். மொத்தச் செலவு, வீணான முதல் பைப்பையும் சேர்த்து, 70 டாலர். மகள்தான் வருத்தப்பட்டாள்.

உங்களுக்கு இது முழுதாக உதவாது. 57 ஹெர்ட்ஸுக்குக் கால் அலை என்றால் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர். ஆறரை அடி பைப்பை எங்கே மடித்து வைப்பீர்கள், ஸ்பேர் டயரும் பெட்ரோல் டேங்கும் இருக்கிற இடத்தில்? உங்களுக்கு மலிவான வழி வேறு. ஓபிடி சாக்கெட்டில் (பட்டறைக்காரர் கணினியைச் செருகிச் சோதிக்கிற இடம்) செருகுகிற சின்னக் கருவி ஒன்று விற்கிறது. செருகினால் வண்டி எப்போதும் எட்டு சிலிண்டரிலேயே ஓடும், உருவினால் பழையபடி. பெட்ரோல் கொஞ்சம் கூடச் செலவாகும். மஃப்ளரை முதலில் போடுங்கள், கேட்டுப் பாருங்கள், தேவைப்பட்டால் மட்டும் இது.

2 நவம்பர்

காலையில் ஸ்டார்ட் செய்ததும் "டிக் டிக் டிக்" என்று இரண்டு நிமிடம் கேட்டு, சூடானதும் நிற்கிறது என்கிறீர்கள். புது மஃப்ளரை ஓரமாக வையுங்கள். அது மஃப்ளரில் இருந்து வருவதில்லை.

என்ஜின் தலையில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கிற குழாய்த்தொகுதி) பிடித்திருக்கிற போல்ட் ஒன்று முறிந்திருக்கும். 5.3-களில் இது நன்றாகத் தெரிந்த சங்கதி. பெரும்பாலும் கடைசி போல்ட், ஃபயர்வால் (என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுச்சுவர்) பக்கம் இருப்பது. ஆற ஆற இடைவெளி திறக்கும், சூடேறினால் இரும்பு விரிந்து மூடிக்கொள்ளும். டார்ச் அடித்துப் பாருங்கள், போல்ட் தலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துளை தெரியும். பக்கத்தில் கரிப்புகை படிந்திருக்கும்.

இதை விட்டுவிட்டுக் கேட்-பேக் மாட்டினால் டிக் சத்தம் அப்படியே இருக்கும், காசும் போயிருக்கும். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, சென்சார் தப்பாகப் படிக்கும், என்ஜின் விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் இ-செக் தேறாது. 2013-உம் 2015-உம் ஒற்றைப்படை மாடல் வருடம், நம் இருவர் வண்டிக்கும் 2025-இல் சோதனை.

3 நவம்பர்

போல்ட்டை நீங்களே கழற்றப் போகிறீர்களா? துருவை இளக்குகிற எண்ணெயை இன்று ஊற்றுங்கள், நாளை ஊற்றுங்கள், நாளை மறுநாளும் ஊற்றுங்கள். நான்காம் நாள் தொடுங்கள். அவசரப்பட்டு இழுத்தால் மிச்ச போல்ட்டும் முறியும்.

14 டிசம்பர்

ஒரு குளிர்காலப் பாடம். என் வண்டியில் போட்ட முதல் மஃப்ளர் (அறை பிரித்தது) இரண்டே வருடத்தில் அடியில் சல்லடையானது. உப்பு வெளியே தின்றது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அறுத்துப் போட்டதைப் போன வாரம் ஷெட்டிலிருந்து எடுத்துப் பார்த்தால், துரு உள்ளிருந்து வெளியே வந்திருக்கிறது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் வரும். வண்டி நீளமாக ஓடினால் ஆவியாகப் போய்விடும். அந்தக் குளிர்காலங்களில் நான் பாதி நாள் வீட்டிலிருந்து வேலை. மளிகைக்கடைக்கு மூன்று மைல், தமிழ்ப் பள்ளிக்கு ஐந்து மைல். மஃப்ளர் சூடாவதற்குள் வண்டியை நிறுத்திவிடுவேன். தண்ணீர் உள்ளேயே தேங்கும், புகையின் அமிலமும் அதில் சேரும்.

மஃப்ளரின் பின்கோடியில், மிகத் தாழ்ந்த இடத்தில் கால் அங்குலத்தில் பாதி அளவுக்கு ஒரு துளை போடுங்கள். தண்ணீர் சொட்டிப் போய்விடும், சத்தம் மாறாது. சில மஃப்ளரில் கம்பெனியே போட்டிருப்பார்கள், முதலில் தேடிப் பாருங்கள். உங்களுக்கு தினம் 60 மைல், அவ்வளவு கவலை இல்லை. ஆனாலும் போடுங்கள்.

15 டிசம்பர்

சத்தத்தைப் பற்றி இன்னொன்று, இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். உங்கள் ஷிஃப்ட் ஆறு மணிக்கு, ஐந்தே காலுக்கு வண்டியை எடுப்பீர்கள் என்றீர்கள். குளிர்ந்த என்ஜின் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்குவதற்காக முதல் ஒரு நிமிடம் வேண்டுமென்றே கூடுதல் ஆர்பிஎம்மில் ஓடும். மஃப்ளர் எவ்வளவு சத்தமோ அதன் உச்சம் அந்த நிமிடத்தில்தான், அதுவும் பக்கத்து வீட்டுப் படுக்கையறைச் சன்னலுக்கு இருபது அடியில்.

2022-இல் எதிர்வீட்டில் ஒரு கைக்குழந்தை. அவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு நாள் நானே, மனைவியை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு அவர்கள் வாசல் பக்கம் போய் நின்று கேட்டேன். உடனே முடிவு செய்துவிட்டேன், அந்த மஃப்ளர் இருக்கக்கூடாது என்று. ஜே-பைப் போட்டதும் கேபினுக்குள் நிம்மதி வந்தது, தெருவுக்கு வரவில்லை. பழையதை எடுத்துவிட்டு இப்போதிருக்கிற நேர்துளை மஃப்ளரையும் 409 பைப்பையும் போட்டதற்கு அதுவே காரணம். ஓட்டையானதெல்லாம் அதற்குப் பிறகு கிடைத்த சாக்கு.

19 ஜனவரி 2025

பொங்கல் விழாவுக்கு அண்டா, அடுப்பு, மடக்கு மேசை பன்னிரண்டு, எல்லாம் ஏற்றிக்கொண்டு போனேன். பாரத்தில் பின்பக்கம் தாழ்ந்ததும் வால் பைப் ஆக்சில் மேல் "டங் டங்". ரப்பர் ஹேங்கர் ஒன்று கிழிந்திருக்கிறது. புது செட் மாட்டும்போது ஹேங்கரையும் புதிதாகப் போட்டுவிடுங்கள், ஐந்து ஐந்து டாலர்தான். சோப்புத் தண்ணீர் தடவினால் கம்பி வழுக்கிக்கொண்டு நுழையும். ரப்பரில் எண்ணெய் தடவாதீர்கள், ஊறிப்போய்க் கிழியும்.

காலி வண்டியில் பார்த்துவிட்டுச் சரி என்று விடாதீர்கள். பின்னால் நான்கு மூட்டை மணலாவது வைத்துக் குலுக்கிப் பாருங்கள்.

8 பிப்ரவரி

14 அங்குல உடல் போதும் என்று அக்டோபரில் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். என் வண்டியில் இருப்பது 14. எனக்கு ஜே-பைப் பக்கத்துணை இருப்பதால் அது போதுமாகத் தெரிந்திருக்கிறது. அலுவலக நண்பர் ஒருவரின் அதே 5.3-இல் நேற்று ஏறிப் போனேன். அவர் போட்டிருப்பது 24 அங்குல நேர்துளை மஃப்ளர், வால் பைப் பின்சக்கரத்தைத் தாண்டி பின்னாலேயே முடிகிறது. வி4 என்று காட்டும்போது பின்சீட்டில் லேசான முனகல், அவ்வளவுதான். நீளமானதையே வாங்குங்கள். இருபது முப்பது டாலர் கூடும், கொடுங்கள்.

வால் பைப்பைச் சக்கரத்துக்கு முன்னால் பக்கவாட்டில் முடித்தால் 40 டாலர் மிச்சம் என்று பட்டறைக்காரர் சொல்லியிருக்கிறார். வேண்டாம். சத்தம் கேபினுக்கு அடியிலேயே வெடிக்கும். குழந்தைகள் பின்சீட்டில் கண்ணாடியை இறக்கினால் புகை உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பைப் வண்டியின் பின்கோடி வரை போகட்டும்.

1 மார்ச்

பில்லை அனுப்பியதற்கு நன்றி தம்பி. 24 அங்குல நேர்துளை மஃப்ளர் 148, 409 வால் பைப் 95, ஹேங்கர் 15, வெல்டு கூலி 110. மொத்தம் 368. நடு பைப் "டிங்" என்றதால் அதை விட்டுவைத்தது நல்ல முடிவு. மிச்சப் பணத்தில் மேனிஃபோல்ட் போல்ட் வேலையும் முடித்துவிட்டீர்கள்.

பட்டறைக்காரர் யு-போல்ட் கிளாம்ப் போட வந்தபோது தடுத்து வெல்டு கேட்டதும் சரிதான். யு-போல்ட் பைப்பை நசுக்கிவிடும். பிறகு கழற்ற நினைத்தால் அறுக்கத்தான் வேண்டும். கழற்றி மாட்டுகிற இடம் என்றால் பட்டை கிளாம்ப்.

9 மார்ச்

"கம்பீரம் குறைவோ?" என்று கேட்கிறீர்கள். இன்னும் ஆயிரம் மைல் ஓட்டுங்கள். புதுப் பஞ்சு கொஞ்சம் இறுகினதும் சத்தம் சற்றுக் கனக்கும், எனக்கு அப்படித்தான் ஆனது. அப்புறமும் குறைவாகப் பட்டால் ராம்பில் ஏறும்போது கண்ணாடியை இறக்கிவிட்டு மிதியுங்கள். 3,500-க்கு மேல் உங்கள் வி8 எப்படிப் பாடுகிறது என்று அப்போது சொல்லுங்கள்.

26 ஏப்ரல்

தியாகராஜ ஆராதனைக்குக் கிளீவ்லாந்து போய் வந்தோம். 1978-இலிருந்து நடக்கிற விழா, இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நாங்கள் விட்டதில்லை. திரும்பும்போது ஐ-71-இல் 65-இல் வைத்து, மகள் போனில் தம்பூரா ஆப்பைப் போட்டாள். தந்தி தந்தியாகக் கேட்டது, பின்சீட்டு வரைக்கும்.

இ-செக் என் வண்டிக்கு முடிந்தது. பணம் ஒன்றும் இல்லை, ஓபிடியில் செருகிப் பார்த்துவிட்டுத் தேர்ச்சித் தாளைக் கொடுத்துவிட்டார்கள். உங்களுக்கு எப்போது? போவதற்கு முந்தின வாரம் பேட்டரியைக் கழற்றாதீர்கள், கணினியில் பதிவான பிழைக் குறியீடுகளை அழிக்காதீர்கள். அழித்தால் வண்டி தன்னைத்தானே சோதித்து முடிக்கச் சில நாள் ஓட வேண்டும். அதற்குள் போனால் "தயாராகவில்லை" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

3 மே

தேறிவிட்டதா, சந்தோஷம். வி4 முனகல் 70-இல் மட்டும் கேட்கிறது, 67-இல் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் அந்த ஓபிடி கருவியை இப்போதைக்கு வாங்க வேண்டாம். 67-இல் ஓட்டுங்கள்.